நாடி முன்னால் சொல்லும், பிரஷர் பின்னால் சொல்லும்: கடலோர வார்டில் செவிலியரின் கணிப்பு

எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும் சரி, கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பாருங்கள். காய்ச்சல் 98.6, 99.4, 101 என்று ஏறி இறங்கியிருக்கும். நாடி 78, 84, 92 என்று மாறியிருக்கும். மூச்சு என்ற கட்டத்தில் மட்டும் காலை 20, மதியம் 20, இரவு 20. பக்கத்துக் கட்டில்காரருக்கும் 20. வார்டே ஒரே தாளத்தில் மூச்சு விடுகிறது என்று நம்பினால் ஒழிய, யாரும் எண்ணவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, பிரஷருக்கு மெஷின் இருக்கிறது, ஆக்சிஜனுக்கு விரலில் மாட்டும் கிளிப் இருக்கிறது. மூச்சை எண்ண சாதாரண வார்டில் கருவி கிடையாது. கட்டில் பக்கத்தில் ஒரு முழு நிமிடம் நின்று, நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே ஆள் மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பிடித்த கையை விடாமல், நாடி பார்ப்பது போலவே நின்று எண்ணும்படி படிப்பின் தொடக்கத்திலேயே சொல்லித் தருகிறார்கள். முப்பது கட்டில் உள்ள வார்டில் இதற்கே அரை மணி நேரம் ஆகும். இரவில் ஒரே ஒரு சிஸ்டர்தான் என்றால் அந்த அரை மணிக்கு எங்கே போவார்? 20 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார்.

ஆனால் ஆள் மோசமாகப் போகிறார் என்பதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் எண்களில் இது முக்கியமானது. வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. அது 24, 26 என்று போனால் உடனே நுரையீரலை மட்டும் சந்தேகிக்கக் கூடாது. கிருமி ரத்தத்தில் பரவினாலும், உள்ளுக்குள் ரத்தம் கசிந்தாலும், சுகர் தாறுமாறாக ஏறினாலும் உடம்பில் அமிலம் சேரும். அந்த அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியே தள்ளத்தான் மூச்சு வேகமெடுக்கிறது. நோயாளிக்கே இது தெரியாது. "மூச்சுத் திணறல் இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்பார்.

பிரஷர் இதற்கு நேர் எதிர். நம் ஊரில் எல்லாருக்கும் நம்பிக்கையான எண் அதுதான். "பிரஷர் நார்மல்" என்றால் வீட்டுக்காரர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். 60 கிலோ எடையுள்ளவர் உடம்பில் ஏறக்குறைய 4.2 லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் 15 சதவீதம் போனால் பெரிதாக ஒன்றும் தெரியாது. 15-லிருந்து 30 சதவீதம் வரை போகும்போது நாடி எகிறும், கை கால் சில்லிடும், மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் உள்ள இடைவெளி குறையும். மேல் பிரஷர் அப்போதும் பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும். ஒரு லிட்டருக்கு மேல் போன பிறகுதான் அது சரியும். கடன் வாங்கிக் கல்யாணம் நடத்துகிற வீடு மாதிரிதான் உடம்பும். வாசலில் பந்தலும் மேளமும் ஜோராக இருக்கும். கடன்காரன் வந்து நிற்கும்போதுதான் விஷயம் தெரியும். இளவயதுக்காரர்கள் இப்படி நெடுநேரம் தாக்குப்பிடித்துவிட்டு, விழும்போது ஒரேயடியாக விழுவார்கள்.

இந்த அடிப்படை அறிவு செவிலியர் படிப்பில் உள்ள எல்லாருக்கும் தெரிந்ததுதான். மூன்று ஆண்டு டிப்ளமோ படித்தவரும் நான்கு ஆண்டு பி.எஸ்சி. படித்தவரும் இதைத் தேர்வில் எழுதித்தான் தேறியிருக்கிறார்கள். எழுதியதை இரவு இரண்டு மணிக்கு, ஒரு குறிப்பிட்ட ஆளிடம், குறிப்பிட்ட ஊரில் வைத்துப் பயன்படுத்துவதுதான் கணிப்பு. ஊர் என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அங்கே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அதையும் தாண்டிய சிகிச்சை வேண்டுமென்றால் மதுரைதான். இன்னும் 110 கிலோமீட்டருக்கு மேல். தீவிலிருந்து வண்டி வெளியே வர 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான் வழி. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூக்கையூர், வாலிநோக்கம், தொண்டிப் பக்கத்துக் கிராமங்களுக்கும் தூரம்தான் பிரச்சினை. பெருநகர ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு. இரண்டு மாடி மேலே இருக்கும். நிலைமை கெட்ட பிறகு ஓடினாலும் பிடித்துவிடலாம். இங்கே அப்படிக் கிடையாது. இப்போது இவர் எப்படி இருக்கிறார் என்ற கேள்வியோடு இங்கே வேலை முடிவதில்லை. 108 வந்து, ஏற்றி, பாலம் தாண்டி, அங்கே போய் இறங்கும்போது எப்படி இருப்பார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். என்னைக் கேட்டால், கடலோரச் செவிலியருக்கு வேண்டிய திறமைகளில் முதலாவது இந்த முன்கணக்குதான்.

கடல் பாம்புக் கடியை எடுத்துக்கொள்வோம். கடல் பாம்பு வலையோடு ஏறி வரும். இருட்டில் மீனைப் பிரித்தெடுக்கும்போது கையில் சுருக்கென்று ஏதோ பட்டதுபோல் இருக்கும். கடல் பாம்பின் பல் சிறியது. பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கம் இருக்காது, முள் குத்தியது என்று நினைத்துக் கையைக் கழுவிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். கடித்த எல்லாருக்கும் விஷம் ஏறுவதும் இல்லை. ஏறியவருக்கு அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் தலைவலி, வாந்தி, நாக்கு தடித்ததுபோல் ஒரு உணர்வு வரும். பிறகு உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலிக்கும். கழுத்து, தொடை, முதுகு என்று தசைகள் இறுகும்.

விடியற்காலையில் அப்படி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "சிஸ்டர், ராத்திரி பூரா வலை இழுத்தது, உடம்பு அசதியா இருக்கு, ஒரு ஊசி போட்டு விடுங்க" என்கிறார். பிரஷர் 130, ஆக்சிஜன் 97, காய்ச்சல் இல்லை. ஊசி போட்டு அனுப்பிவிட எல்லாக் காரணமும் இருக்கிறது. அனுபவமுள்ள சிஸ்டர் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பார்: "அண்ணே, வலையில் என்னவாவது குத்துச்சா? எத்தனை மணி இருக்கும்?" அப்புறம் கையைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்ப்பார். ஊசி குத்தியதுபோல் இரண்டு புள்ளி இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். நிமிர்ந்து மேலே பார்க்கச் சொல்வார். இமை சரிந்து இறங்குகிறதா என்று கவனிப்பார். படுக்க வைத்துத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்வார். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வார். முதலில் முப்பது வரை போனவர் அரை மணி கழித்து இருபதிலேயே மூச்சு வாங்கினால், மூச்சுத் தசை தளர்கிறது என்று பொருள். அந்த நேரத்திலும் விரலில் மாட்டிய கிளிப் 97 என்றே காட்டிக்கொண்டிருக்கலாம். ஆக்சிஜன் குறைவது கடைசிக் கட்டம்.

சிறுநீரையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். விஷம் தசையை அரித்தால் அதிலிருந்து கழன்ற பொருள் சிறுநீரகம் வழியாக இறங்கும். சில மணி நேரத்தில் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்துக்கு வரும். தசை உடையும்போது பொட்டாசியமும் ரத்தத்தில் கொட்டும். அது இதயத்தையே நிறுத்திவிடக்கூடியது. நம் நாட்டில் கிடைக்கிற பாம்பு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு நிலப் பாம்புகளுக்கானது. கடல் பாம்புக்கு அதில் மருந்து இல்லை. ஆகவே செயற்கைச் சுவாசக் கருவியும் டயாலிசிஸும் உள்ள இடத்துக்கு, தசை தளர்வதற்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. "இமை லேசாத்தான் இறங்குது, பாத்துக்கலாம்" என்று காத்திருக்கிற ஒரு மணி நேரம் அந்த 55 கிலோமீட்டர் பயணத்துக்குள்ளிருந்துதான் கழிகிறது.

திருக்கை முள், கெளுத்தி முள் விஷயம் வேறு. வலி உயிர் போகும். ஆனால் தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் அரை மணிக்கு மேல் கையையோ காலையோ ஊற வைத்தால் பெரும்பாலும் அடங்கும். சூடு சரிதானா என்று வலிக்காத கையை விட்டுப் பார்த்த பிறகே வைக்க வேண்டும், அடிபட்ட இடத்துக்குச் சூடு சரியாகத் தெரியாது. இதில் ஆபத்து மறுநாள்தான். கடல் நீரில் உள்ள விப்ரியோ வகைக் கிருமி ஒன்று, சுகர் உள்ளவருக்கும் குடியால் ஈரல் கெட்டவருக்கும் காயம் வழியாகப் புகுந்து சில மணி நேரத்தில் காலையே தின்றுவிடும். காயம் சின்னதாகத் தெரியும், வலி மட்டும் பொருத்தமில்லாமல் பெரிதாக இருக்கும். இங்கே ஒரு பேனா போதும். சிவப்பு எதுவரை இருக்கிறதோ அதைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதிவிட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் வாக்குவாதத்துக்கு இடமில்லை.

அப்படி ஒரு நோயாளியைப் பற்றி இரவில் டாக்டருக்குப் போன் போடுவதை இரண்டு விதமாகச் செய்யலாம்.

"சார், எட்டாம் பெட் பேஷண்ட் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்காரு."

"பிரஷர் எவ்வளவு?"

"110 சார்."

"அப்ப சரி, பாத்துக்கங்க. காலையில வர்றேன்."

இதில் சிஸ்டரும் பொய் சொல்லவில்லை, டாக்டரும் தப்பாகக் கேட்கவில்லை. ஆனால் விஷயம் போய்ச் சேரவில்லை. இன்னொரு விதம் இப்படி இருக்கும்:

"சார், எட்டாம் பெட். வயசு 52, சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. கெளுத்தி முள் குத்தி நேத்து அட்மிஷன். சாயங்காலம் மூச்சு 18, இப்ப முழு நிமிஷம் எண்ணினேன், 26. பல்ஸ் 84-ல இருந்து 116. காய்ச்சல் 101, ஆக்சிஜன் 95. பிரஷர் 110 இருக்கு, ஆனா வழக்கமா அவருக்கு 150. சிவப்புக்குக் கோடு போட்டிருந்தேன், ரெண்டு மணி நேரத்துல மூணு விரல் தாண்டிருச்சு. செப்சிஸ்னு நினைக்கிறேன் சார். நீங்க வந்து பாக்கணும். 108-க்குச் சொல்லிடட்டுமா?"

செப்சிஸ் என்றால் கிருமித் தொற்று முற்றி உடம்பின் உறுப்புகளையே கெடுக்கும் நிலை. நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை என்று நான்கு பகுதியாகப் பேசும் இந்த முறைக்கு 'எஸ்பார்' என்று பெயர். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது என்பார்கள். நம் செவிலியர்கள் பலர் முதல் இரண்டையும் நன்றாகச் சொல்கிறார்கள். "நான் இப்படி நினைக்கிறேன்" என்ற மூன்றாவதில் தயங்குகிறார்கள். நோயைப் பெயர் சொல்வது டாக்டர் வேலை என்று பழக்கிவிட்டோம். மருந்து எழுதுவது டாக்டர் வேலை, உண்மைதான். ஆபத்தைப் பெயர் சொல்ல யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

எண்களை வைத்து இந்தத் தயக்கத்தைக் குறைக்கத்தான் பிரிட்டனில் 2012-ல் 'நியூஸ்' என்ற மதிப்பெண் முறையைக் கொண்டுவந்து 2017-ல் திருத்தினார்கள். மூச்சு, ஆக்சிஜன், பிரஷர், நாடி, சுயநினைவு, காய்ச்சல் ஒவ்வொன்றுக்கும் இயல்பிலிருந்து விலகும் அளவுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். ஆக்சிஜன் வைத்திருந்தால் கூடுதலாக 2. மொத்தம் 5 வந்தால் அவசரமாக டாக்டர் பார்க்க வேண்டும், 7 வந்தால் உயிர் ஆபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன எட்டாம் பெட்காரருக்கு மூச்சுக்கு 3, நாடிக்கு 2, ஆக்சிஜன், பிரஷர், காய்ச்சல் மூன்றுக்கும் தலா 1. ஆக 8. மாலையில் அவர் ஏறக்குறைய பூஜ்யத்தில் இருந்தவர். அந்த மூச்சுக் கட்டத்தில் வழக்கம்போல் 20 என்று எழுதியிருந்தால் மொத்தம் 5 தான் வந்திருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை நல்லதுதான், ஆனால் கணக்கு முழுதாகத் தீராது. சின்ன வயதிலிருந்து படகில் வேலை செய்து உடம்பு இறுகிய மீனவருக்கு ஓய்வில் நாடி 54 இருக்கலாம். அவருக்கு 88 என்றால் மதிப்பெண் அட்டையில் பூஜ்யம். அவர் உடம்புக்கு அது பெரிய ஏற்றம். வருடக்கணக்கில் பீடி பிடித்து நுரையீரல் கெட்டவருக்கு ஆக்சிஜன் 90 என்பது தினசரி நிலையாக இருக்கலாம். அவருக்கு 98 கொண்டுவரப் பார்த்தால் கெடுதலாகிவிடும், 88-லிருந்து 92 வரை போதும். ஐஸ் பெட்டியில் மீன் அடுக்கிவிட்டு நேராக வந்தவர் விரல் சில்லிட்டிருந்தால் கிளிப் வாய்க்கு வந்த எண்ணைக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பார்க்க வேண்டும். அடர் கறுப்பு மருதாணி வைத்த விரலிலும் இதே தொல்லை வரலாம், மருதாணி படாத விரலோ காது மடலோ பார்த்துக்கொள்ளலாம். எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாதவருக்கு எண் தெரிந்து பயனில்லை.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ரமலான் மாதத்தில் இன்னொரு சிக்கல். சுகர் மாத்திரை போடுகிறவர்கள் நோன்பு பிடிக்கிறார்கள். பிடிக்க வேண்டாம் என்று ஒற்றை வரியில் சொல்லி அனுப்பினால், ஆஸ்பத்திரிக்கு வருவதை விடுவார்களே தவிர நோன்பை விட மாட்டார்கள். மாதம் பிறப்பதற்கு முன்பே வரச் சொல்லி, எந்த மாத்திரையை சஹருக்கு, எதை இஃப்தாருக்கு, எதைக் குறைக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு மாற்றிக் கொடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். சுகர் 70-க்குக் கீழ் போனாலும் 300-க்கு மேல் போனாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே பரவலான மார்க்க விளக்கம். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் "லாத்தா, மத்தியானம் ஒரு தடவை சுகர் பாருங்க" என்ற பேச்சு காதில் ஏறும்.

இங்கே கண்ணில் படாத ஒரு கோளாறு உண்டு. நோன்பு திறந்து பேரீச்சம்பழம் தின்ற கையோடு வந்து விரலை நீட்டுவார்கள். பழத்தின் பிசுக்கு விரலில் இருந்தால் மெஷின் 180, 200 என்று காட்டும். உள்ளே உண்மையில் 60 இருக்கும். ஆள் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி உட்கார்ந்திருக்கும்போது மெஷின் 190 காட்டினால் மெஷினை நம்பக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது இதற்குப் போதாது.

குளுக்கோஸ் ஏற்றி, ஆள் எழுந்து உட்கார்ந்து, "நான் நல்லாயிட்டேன், வீட்டுக்குப் போறேன்" என்றால் அதோடும் முடியாது. எந்த மாத்திரை போடுகிறார் என்று கேட்க வேண்டும். கிளைபென்கிளமைடு, கிளைமிபிரைடு போன்றவை உடம்பில் நெடுநேரம் வேலை செய்யும். முதியவருக்கும் சிறுநீரகம் கெட்டவருக்கும் இன்னும் நெடுநேரம். ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் சுகர் மறுபடி இறங்கும், பெரும்பாலும் வீட்டில், தூக்கத்தில். இந்த மாத்திரைக்காரரை இரவு முழுவதும் வைத்துப் பார்ப்பதே சரி. ராமேஸ்வரத்தில் வெறும் வயிற்றோடு, சுகர் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு 22 தீர்த்தமும் ஆடி முடித்துப் பிரகாரத்தில் மயங்கி விழுகிற வெளியூர் முதியவருக்கும் இதே பாடம்தான். அவர் பையில் இருக்கிற மாத்திரை அட்டையைத் தேடி எடுப்பது முதல் வேலைகளில் ஒன்று.

பிரசவ வார்டுக்கு வருவோம். கர்ப்ப காலத்தில் பெண்ணின் ரத்த அளவு 40 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கும். அதனால் பிள்ளை பிறந்த பிறகு ரத்தப்போக்கு அதிகமானாலும் பிரஷர் நெடுநேரம் ஏமாற்றும். 500 மில்லியைத் தாண்டினால் ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். அந்த 500-ஐக் கண்ணால் மதிப்பிடும்போதுதான் தப்பு நடக்கிறது. துணியில் ஊறியது, தரையில் வழிந்தது, கட்டிலுக்கு அடியில் போனது எல்லாம் கணக்கில் வராது. அளவுக்கோடு போட்ட பையை இடுப்புக்கு அடியில் விரித்து ரத்தத்தை அளந்து, அளவு தாண்டியதும் கர்ப்பப்பையைத் தேய்ப்பது, மருந்து, டிரிப்ஸ், பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடங்கினால் கடும் ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன என்று ஆப்பிரிக்காவில் நான்கு நாடுகளில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. புது மருந்து எதுவும் அதில் இல்லை. பை இல்லாத இடத்தில் நாடியை மேல் பிரஷரால் வகுத்துப் பார்க்கலாம். நாடி 110, பிரஷர் 110 என்றால் விடை 1. பிரசவித்த பெண்ணுக்கு 0.9-ஐத் தாண்டினாலே உஷாராக வேண்டும். பிரஷர் மட்டும் பார்த்தவருக்கு அது நார்மலாகத்தான் தெரியும்.

கர்ப்பத்தில் பிரஷர் ஏறி வலிப்பு வருகிறவர்களுக்குப் போடும் மெக்னீசியம் சல்ஃபேட்டும் செவிலியரின் கண்ணை நம்பித்தான் போடப்படுகிறது. ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் மூன்று பார்க்க வேண்டும்: முழங்காலைத் தட்டினால் கால் உதறுகிறதா, மூச்சு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா. மருந்து வெளியேறுவது சிறுநீர் வழியாக. அது குறைந்தால் மருந்து உள்ளே தேங்கும். தேங்கினால் முதலில் முழங்கால் உதறல் போகும், அப்புறம் மூச்சு நிற்கும். டோஸ் நேரம் வந்துவிட்டது என்று பார்க்காமல் போட்டால் தாய் போய்விடுவார்; பயந்துகொண்டு போடாமல் விட்டால் வலிப்பில் போய்விடுவார். முறிவு மருந்தான கால்சியம் குளுக்கோனேட் அதே தட்டில் இருக்க வேண்டும், ஸ்டோர் ரூமில் அல்ல.

அனுபவம் இதில் எப்படி வேலை செய்கிறது என்பதை அமெரிக்கச் செவிலியர் பட்ரீஷியா பென்னர் 1984-ல் ஐந்து படிகளாக விவரித்தார். புதியவர் விதியைப் பார்த்து நடப்பார். தேர்ந்தவர் வார்டுக்குள் நுழைந்ததுமே எந்தக் கட்டிலில் ஏதோ சரியில்லை என்று உணர்ந்துவிடுவார். இதை உள்ளுணர்வு என்று வியப்பதோடு நின்றுவிடுவது எனக்கு ஒப்பவில்லை. ஆயிரம் பேரைப் பார்த்த கண்ணுக்குள் தேங்கிய கணக்கு அது; ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது, எண்ணாகவும் சொல்லாகவும் மாற்றிச் சொல்லத் தெரிய வேண்டும். கிறிஸ்டின் டேனர் 2006-ல் சொன்ன நான்கு கட்டங்கள், அதாவது கவனிப்பது, பொருள் கொள்வது, செயல்படுவது, பிறகு திரும்பிப் பார்ப்பது, வார்டு வேலைக்கு இன்னும் நெருக்கமானவை. நான்காவதுக்குத்தான் நம்மிடம் நேரமே ஒதுக்குவதில்லை. ரெஃபர் செய்த நோயாளி என்ன ஆனார் என்று அனுப்பியவருக்குத் தெரிவதே அபூர்வம். தெரியாவிட்டால் அடுத்த முறை கண் எப்படிக் கூர்மையாகும்?

ஆள் பற்றாக்குறையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நியாயமாகாது. லிண்டா ஐக்கன் குழு 2002-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், அறுவைச் சிகிச்சை வார்டில் ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. அங்கே நான்கு, எட்டு என்ற கணக்கு. முப்பது பேரை ஒருவரிடம் விட்டுவிட்டு அவருடைய கணிப்பைக் குறை சொல்வதில் பொருளில்லை. ஆள் குறைந்த இரவில் முப்பது பேருக்கும் அரைகுறையாகப் பார்ப்பதைவிட, யார் ஐந்து பேர் இன்றிரவு கெட்டுப்போகக்கூடும் என்று பொறுக்கி, அவர்களுக்கு முழு நிமிடம் நின்று எண்ணுவது மேல் என்பது என் கருத்து. அந்தப் பொறுக்கலும் கணிப்புதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனைவியும் மகளும் இதில் நல்ல துணை. "காலையில இருந்து இவுக இவுகளா இல்ல சிஸ்டர்" என்று ஒரு அம்மா சொன்னால் அதை அலட்டல் என்று ஒதுக்கக் கூடாது. சுயநினைவு லேசாக மாறுவதை முப்பது ஆண்டு கூட வாழ்ந்தவர்தான் முதலில் பிடிப்பார். முதியவருக்குக் காய்ச்சலே வராமல் கிருமி பரவும், சுகர் உள்ளவருக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரும். "வாயுப் பிடிப்பு, ஒரு சோடா குடிச்சா சரியாகிடும்" என்று வியர்த்துப்போய் வருகிறவருக்கு 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்துவிட வேண்டும். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டார்வாஸ்டாட்டின் மூன்றும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸாகக் கிடைக்கின்றன. தூரம் உள்ள ஊருக்கு இது பெரிய காரியம்.

அனுப்புகிற சீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்' என்ற ஒரே வரியோடு வண்டி ஏறுகிறவர்கள் நிறைய. வாங்கிக்கொள்கிற இடத்தில் தேவைப்படுவது நேரங்கள்: கடித்தது எத்தனை மணி, கடைசியாகச் சிறுநீர் போனது எத்தனை மணி, எந்த ஊசி எவ்வளவு எத்தனை மணிக்கு. மெக்னீசியம் போட்ட நேரம் சீட்டில் இல்லாவிட்டால் அங்கே மறுபடி முதல் டோஸையே போட்டுவிடலாம், அல்லது சந்தேகத்தில் நிறுத்தி வைத்துவிடலாம். பரபரப்பில் எழுத முடியாதபோது கையில் பிளாஸ்டர் ஒட்டி அதன் மேல் மருந்தும் மணியும் எழுதி அனுப்புகிறவர்கள் உண்டு. அழகாக இல்லாவிட்டாலும் வேலைக்கு ஆகும். சீட்டின் அடியில் அனுப்புகிற சிஸ்டர் தன் வார்டு போன் நம்பரை எழுதிவிட்டால் இன்னும் நல்லது. விட்டுப்போனதைக் கேட்டுக்கொள்ளலாம், நோயாளி என்ன ஆனார் என்ற பதிலும் அதே நம்பருக்கு வர வாய்ப்பிருக்கிறது.